குவித்த படியும் தலைதட்டிய படியும்: மேசைக்கு ஓர் ஏஐ கணினி வாங்குபவரின் கணக்கு

நண்பர் ஒருவர் சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்துகிறார். ஒப்பந்தங்கள், மருத்துவ அறிக்கைகள், காப்புரிமை ஆவணங்கள் போன்றவைதான் அவருக்கு வரும் வேலைகள். இவற்றின் எந்தப் பகுதியையும் வெளியே உள்ள இணையச் சேவைகளுக்கு அனுப்பக் கூடாது என்பது பல வாடிக்கையாளர்களின் நிபந்தனை. ஆகவே, பெரிய மொழி மாதிரி (படித்துப் பதில் எழுதும் ஏஐ) ஒன்றைத் தம் அலுவலகத்து மேசையிலேயே இயக்கக்கூடிய ஒர்க்ஸ்டேஷன், அதாவது கனமான வேலைகளுக்கான கணினி, ஒன்றை வாங்க முடிவு செய்து, நான்கு விளம்பரங்களை அச்செடுத்துக் கொண்டு வந்தார். ஒன்று, தன் இயந்திரத்தை ஒரு பெட்டாஃப்ளாப் திறனுள்ள தனிநபர் சூப்பர் கம்ப்யூட்டர் என்றது. இன்னொன்று, சந்தையின் புகழ்பெற்ற கிராபிக்ஸ் கார்டைவிட 2.2 மடங்கு வேகம் என்றது. மூன்றாவது 16.9 மடங்கு என்றது. நான்காவது 3,352 டாப்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை லட்சம் கோடிக் கணக்குகள், என்றது. எதை வாங்குவது என்று கேட்டார்.

இந்த நான்கு எண்களுமே பொய்யல்ல என்பதுதான் சிக்கல். ஒவ்வொன்றின் அடியிலும், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் சொல்லப்பட்ட நிபந்தனையின் கீழ் அந்த எண் சரியானதே. முன்பு நெல் வியாபாரத்தில் படியைக் குவித்து அளப்பதற்கும் தலைதட்டி அளப்பதற்கும் வேறுபாடு உண்டு. படி ஒன்றேதான், நெல்லின் அளவு ஒன்றல்ல. வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தலைதட்டியும் அளப்பவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது, அவரிடம் கணக்குக் கேட்கத்தான் முடியும். கணினி விளம்பரங்களிடமும் அதையே செய்ய வேண்டியிருக்கிறது.

இது புதிய பழக்கமும் அல்ல. 1999இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி4 கணினியைப் பீரங்கி வண்டிகள் சூழ நிற்க வைத்து ஒரு தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தது. அமெரிக்க அரசே ஆயுதமாக வகைப்படுத்திய முதல் தனிநபர் கணினி என்பது அதன் செய்தி. அன்றைய ஏற்றுமதி விதிகளின்படி, குறிப்பிட்ட கணக்கீட்டுத் திறனைத் தாண்டிய எந்தக் கணினியையும் சில நாடுகளுக்கு அனுப்ப உரிமம் தேவைப்பட்டது; விதி பல ஆண்டுகள் பழையது, கணினிகள் வளர்ந்து அந்த எல்லையை எட்டிவிட்டன. அவ்வளவுதான். அதே ஆண்டு அக்டோபரில், 500 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர்கள் போதிய அளவில் கிடைக்காததால், மூன்று மாடல்களின் வேகத்தையும் 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்து, விலையை மட்டும் அப்படியே வைத்தார்கள் என்பது பீரங்கி வண்டிகளின் இரைச்சலில் பலருக்குக் கேட்கவில்லை.

2003 ஜூனில் வந்த பவர் மேக் ஜி5 இன்னும் சுவையான பாடம். உலகிலேயே வேகமான தனிநபர் கணினி என்று அது அறிமுகமானது. ஆதாரமாக ஸ்பெக் என்னும் பொதுத் தேர்வின் மதிப்பெண்கள் காட்டப்பட்டன. ஆனால் ஒப்பிடப்பட்ட இன்டெல் கணினிகளிலும் ஜிசிசி என்ற கம்பைலரை (நிரலை ப்ராசசரின் மொழிக்கு மாற்றும் மென்பொருளை) கொண்டே அத்தேர்வு நடத்தப்பட்டிருந்தது. இன்டெல் தன் ப்ராசசருக்கென எழுதிய கம்பைலரைப் பயன்படுத்தினால் அதே கணினிகள் கூடுதல் மதிப்பெண் பெறும். இரு பக்கமும் ஒரே கம்பைலர் என்பதால் தேர்வு நேர்மையானது என்று ஆப்பிள் வாதிட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டனின் தொலைக்காட்சி ஒழுங்காற்று ஆணையம் அதே ஆண்டு நவம்பரில் அந்த விளம்பரத்தை மீண்டும் ஒளிபரப்பக் கூடாது என்றது. மறு ஆண்டு அமெரிக்க விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பும் அந்த வாசகத்தைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. இதில் மறக்கக் கூடாத மறுபக்கமும் உண்டு: 1,100 ஜி5 கணினிகளை இணைத்து வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் கட்டிய தொகுப்பு, 2003 நவம்பரில் உலகின் 500 வேகமான கணினிகளின் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது. மிகைப்படுத்தப்பட்ட பொருள் மோசமான பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

2018இல் தைபே கணினிக் கண்காட்சி மேடையில் இன்டெல் 28 கோர் ப்ராசசர் ஒன்றை 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டியதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மேசைக்கு அடியில் தொழிற்சாலைகளில் பயன்படும் வகையைச் சேர்ந்த நீர்க் குளிரூட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது. ப்ராசசரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் முடுக்கியிருந்ததை மேடையில் சொல்ல மறந்துவிட்டோம் என்றார்கள். சில மாதங்களுக்குப் பின் விற்பனைக்கு வந்த ப்ராசசரின் அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.3.

இனி நண்பரின் நான்கு தாள்கள். முதலாவது என்விடியாவின் டிஜிஎக்ஸ் ஸ்பார்க். 2025 ஜனவரியில் வேறு பெயரில் 3,000 டாலர் என அறிவிக்கப்பட்டு, அக்டோபரில் 3,999 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. உள்ளங்கையில் தாங்கக்கூடிய பெட்டி. 128 ஜிபி நினைவகம். விளம்பரத்தின் தலைப்பெண் ஒரு பெட்டாஃப்ளாப், அதாவது நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடிக் கணக்குகள். உலகில் முதன்முதலாக அந்த எல்லையைத் தாண்டியது 2008இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்காக ஐபிஎம் கட்டிய ரோட்ரன்னர். ஓர் அறையை நிறைத்த அந்த இயந்திரத்தின் திறன் இன்று மேசையில் உட்கார்ந்திருக்கிறது என்று வாசகர் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் சூப்பர் கம்ப்யூட்டர் என்ற சொல்லின் வேலை.

ஆனால் ரோட்ரன்னர் செய்தது 64 பிட் துல்லியக் கணக்குகள். ஸ்பார்க் சொல்வது 4 பிட் கணக்குகள். நான்கு பிட்டில் எழுதக்கூடிய வெவ்வேறு மதிப்புகள் மொத்தமே 16தான். அதோடு முடியவில்லை. அந்த எண், மாதிரியின் எண் அட்டவணைகளில் (அணிகளில்) ஒவ்வொரு நான்கு மதிப்புகளுக்கும் இரண்டு பூஜ்யமாக இருக்கும் என்ற நிபந்தனையில் பெற்றது. பூஜ்யங்களைப் பெருக்காமல் தாவிச் செல்வதையும் பெருக்கியதாகவே கணக்கில் சேர்த்தால் எண் இரட்டிப்பாகும். அந்த அமைப்புக்கென முன்கூட்டியே செதுக்கப்படாத மாதிரிக்கு இது பொருந்தாது. ஆகவே குவித்ததைத் தலைதட்டினால் பாதி, அதுவும் 4 பிட்டில். மொழி மாதிரிகளுக்கு 4 பிட் பெரும்பாலும் போதும் என்பதால், இந்தப் பாதியும் சிறிய திறனல்ல. ஆனால் வானிலைக் கணிப்புக்கோ கட்டடப் பொறியியல் கணக்கீட்டுக்கோ சூப்பர் கம்ப்யூட்டர் என்று நம்பி வாங்குபவர் ஏமாறுவார்.

இதைவிட முக்கியமான எண் தலைப்பில் இல்லை, விவரப் பட்டியலின் நடுவில் இருக்கிறது: நினைவகப் பேண்ட்வித், அதாவது நினைவகத்திலிருந்து நொடிக்கு வாசிக்கக்கூடிய அளவு, 273 ஜிபி. மொழி மாதிரி வேலை செய்வதில் இரு கட்டங்கள் உண்டு. கொடுத்த ஆவணத்தைப் படித்துக்கொள்ளும் கட்டத்தில் பல டோக்கன்களை (சொற்களை அல்லது சொல் துண்டுகளை) ஒரே நேரத்தில் கணக்கிடலாம் என்பதால், அங்கே கணக்கீட்டுத் திறன் பேசுகிறது. பதில் எழுதும் கட்டத்தில் டோக்கன்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே பிறக்கின்றன. ஒவ்வொரு டோக்கனுக்கும் மாதிரி முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை வாசித்தாக வேண்டும். 7,000 கோடி பாராமீட்டர் (மாதிரி கற்றுவைத்திருக்கும் எண்கள்) கொண்ட ஒரு மாதிரியை 4 பிட்டில் சுருக்கினால் அது ஏறத்தாழ 40 ஜிபி. 273ஐ 40ஆல் வகுத்தால், நொடிக்கு ஏழு டோக்கனுக்கும் குறைவு. அதுவே மேல்வரம்பு, உண்மையில் கிடைப்பது அதற்கும் கீழே. பெட்டாஃப்ளாப் இரண்டாக இருந்தாலும் இந்த வகுத்தலின் விடை மாறாது. பள்ளிக்கூட வகுத்தல்தான். விளம்பரத் தாளை வைத்துக்கொண்டே செய்துவிடலாம்.

இரண்டாவது தாள் ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395 ப்ராசசர் கொண்ட சிறு கணினி. இதிலும் 128 ஜிபி நினைவகம், பேண்ட்வித் 256 ஜிபி. 2025 ஜனவரியில் ஏஎம்டி சொன்னது, 7,000 கோடி பாராமீட்டர் கொண்ட லாமா என்ற மொழி மாதிரியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டைவிட நொடிக்கு 2.2 மடங்கு வரை கூடுதல் டோக்கன் என்று. 4090 கார்டின் பேண்ட்வித் ஆயிரத்துக்கும் மேல். கணக்குப்படி அதுதான் நான்கு மடங்கு வேகமாக ஓட வேண்டும். ஆனால் அதன் நினைவகம் 24 ஜிபி மட்டுமே. 40 ஜிபி மாதிரி அதில் அடங்காது; மிஞ்சியது கணினியின் சாதாரண நினைவகத்துக்கு வழிந்து, வேகமான கார்டு மெதுவான நினைவகத்துக்காகக் காத்து நிற்கும். 24 ஜிபிக்குள் அடங்கும் மாதிரியைக் கொடுத்திருந்தால் விடை தலைகீழாகியிருக்கும்.

ஆயினும் என் நண்பரைப் பொறுத்தவரை இந்த வளைந்த ஒப்பீடே நேரான தகவல். அவருக்கு வேண்டியது அடங்காத பெரிய மாதிரிதானே. அதனால்தான் விளம்பரம் மிகையா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது, அதில் தேர்ந்தெடுத்த நிலைமை நம் நிலைமையா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இதே ப்ராசசரை வைத்து ஃப்ரேம்ஒர்க் நிறுவனம் அறிவித்த 128 ஜிபி மேசைக் கணினியின் அறிமுக விலை 1,999 டாலர். சேமிப்பகமும் இயங்குதளமும் அதில் சேரவில்லை. ஹெச்பியும் இந்த ப்ராசசரின் ப்ரோ வகையைத் தன் இசட்2 மினி ஒர்க்ஸ்டேஷனில் வைத்திருக்கிறது. பதில் எழுதும் வேகத்தில் இதற்கும் ஸ்பார்க்குக்கும் காகிதத்தில் 17 ஜிபிதான் வித்தியாசம். விலையில் ஏறத்தாழ இரு மடங்கு. நினைவகம் கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்டது, பின்னால் கூட்ட முடியாது. இது நான்கு தாள்களுக்குமே பொருந்தும்.

மூன்றாவது, 2025 மார்ச்சில் வந்த ஆப்பிளின் மேக் ஸ்டூடியோ. பல பத்தாயிரம் கோடி பாராமீட்டர் கொண்ட மொழி மாதிரியில் பழைய எம்1 அல்ட்ரா சிப்பைவிட எம்3 அல்ட்ரா சிப் 16.9 மடங்கு வரை வேகமாக டோக்கன்களை உருவாக்கும் என்கிறது அதன் அறிவிப்பு. எம்1 அல்ட்ராவின் பேண்ட்வித் 800 ஜிபி, எம்3 அல்ட்ராவினுடையது 819. இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பிறகு 16.9 எங்கிருந்து வந்தது? ஏஎம்டி தாளில் பார்த்த அதே இடத்திலிருந்துதான்: பழைய இயந்திரத்தின் உச்ச நினைவகம் 128 ஜிபி, புதியதில் அறிமுகத்தின்போது 512 வரை இருந்தது. பழையதில் அடங்காத மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் மடங்கு எவ்வளவு வேண்டுமானாலும் வரும். பழைய 128 ஜிபிக்குள்ளேயே அடங்கும் வேலைகளை மட்டும் செய்பவருக்கு அந்த 16.9 மடங்கு கிடைக்காது. ‘வரை’ என்ற சொல் ஆடித் தள்ளுபடிப் பதாகைகளில் எண்ணுக்குப் பின்னால் எறும்பளவில் உட்கார்ந்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கேயும் அதே எறும்புதான்.

ஆப்பிள் இதில் பழகிய கை. 2022இல் எம்1 அல்ட்ராவை அறிமுகம் செய்தபோது, அதன் கிராபிக்ஸ் திறனை ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுக்கு எதிராக ஒரு வரைபடத்தில் காட்டியது. கீழ் அச்சு மின்செலவு, நிலை அச்சு ‘சார்புத் திறன்’ என்று அலகே இல்லாத ஓர் அளவு. குறைந்த மின்சாரத்தில் அவ்வளவு திறன் என்பதே வரைபடத்தின் உள்ளடக்கம். 3090ஐ வென்றுவிட்டது என்பதே பலர் எடுத்துச் சென்ற செய்தி. விமர்சகர்கள் இரண்டையும் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது 3090 பல வேலைகளில் எட்டாத தூரத்தில் முன்னே நின்றது.

இதையெல்லாம் கழித்த பிறகும், பதில் எழுதும் வேகம் ஒன்றே முக்கியம் என்றால் மேக் ஸ்டூடியோவே இந்த விலை வட்டாரத்தில் முந்துகிறது. 128 ஜிபியுடன் எம்4 மேக்ஸ் மாடல் அறிமுக விலையில் சுமார் 3,500 டாலர், பேண்ட்வித் 546. அதே வகுத்தலைச் செய்தால் மேல்வரம்பு நொடிக்குப் பதின்மூன்றரை டோக்கன், ஸ்பார்க்கின் இரு மடங்கு. எம்3 அல்ட்ராவில் இருபது. நீண்ட ஆவணத்தை முதலில் படித்துக்கொள்ளும் கட்டத்திலோ ஸ்பார்க் இவற்றைவிடத் தெளிவாக வேகமானது. பெட்டாஃப்ளாப்புக்கு உரிய மரியாதை அங்கேதான் கிடைக்கிறது. பெயர்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்பதற்கும் ஆப்பிளே உதாரணம்: ஒரே நாளில் அறிமுகமான எம்4 மேக்ஸ், எம்3 அல்ட்ரா மேக் ஸ்டூடியோ மாடல்கள் இரண்டில், ஒற்றைக் கோர் வேலைகளில் ‘மேக்ஸ்’தான் ‘அல்ட்ரா’வைவிட வேகம். டெல் நிறுவனமும் பல ஆண்டுகளாக பிரிசிஷன் என்று வழங்கிய தன் ஒர்க்ஸ்டேஷன் வரிசையை 2025இல் டெல் ப்ரோ மேக்ஸ் ஆக்கிவிட்டது. உச்சத்துக்கு மேல் உச்சம்.

நான்காவது தாளின் 3,352 டாப்ஸ், ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுக்கு உரியது. இதுவும் பூஜ்யங்களைச் சேர்த்துக் குவித்த 4 பிட் எண்தான். 2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 4090க்கு நிகரான திறன் தரும் என்று என்விடியா மேடையில் சொன்னதையும் இதனோடு நினைவில் கொள்ளலாம். ஒவ்வொரு உண்மையான படச்சட்டத்துக்கும் இடையே மூன்று சட்டங்கள்வரை ஏஐ கொண்டு இட்டு நிரப்பி எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். விளையாட்டுத் திரையில் அதற்குச் சற்றுப் பயன் உண்டு, ஒர்க்ஸ்டேஷன் வேலையில் இல்லை. 5090இன் உண்மையான பலம் 1,792 ஜிபி பேண்ட்வித். பலவீனம் 32 ஜிபி நினைவகம். படம் உருவாக்குதல், முப்பரிமாணக் காட்சியாக்கம், 32 ஜிபிக்குள் அடங்கும் நடுத்தர மொழி மாதிரிகள் ஆகியவற்றில் மற்ற மூன்றும் இதன் அருகில் வர முடியாது. நண்பருக்கு வேண்டிய 40 ஜிபி மாதிரியில் 4090இன் கதியே இதற்கும். மேலும் கார்டு மட்டுமே 575 வாட் வரை இழுக்கும். கணினிக்கு 1,000 வாட் பவர் சப்ளை தேவை என்று நிறுவனமே பரிந்துரைக்கிறது. மின்வெட்டு நேரத்தில் வீட்டில் மின்விசிறி ஓட்டும் யூபிஎஸ் இதைத் தாங்காது, அந்தச் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் கோபுர ஒர்க்ஸ்டேஷன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராணுவத் தர உறுதி என்ற வாசகத்துக்கு அவற்றில் பொருள் குறைவு: மில்-எஸ்டிடி-810 என்பது சோதனை முறைகளின் தொகுப்பு, அதில் எவற்றைச் செய்வது என்பதை நிறுவனமே தேர்ந்துகொள்ளலாம், சான்று கொடுக்கும் ராணுவ அலுவலகம் ஏதும் இல்லை. ஆனால் பிழைதிருத்தும் இசிசி நினைவகமும், பொறியியல் வரைபட மென்பொருள் நிறுவனங்களின் சான்றும் வெறும் அலங்காரங்கள் அல்ல. அந்த மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்துபவர் அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது சரியே. மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு அவை வேண்டாம். மடிக்கணினிகளிலும் மேசைக் கணினிகளிலும் ஒட்டப்படும் ‘ஏஐ பிசி’ சின்னத்தையும் இங்கே ஒதுக்கிவிடலாம்; அது குறிப்பது ப்ராசசருக்குள் ஏஐ கணக்குகளுக்கென இருக்கும் ஒரு சிறிய பகுதியை, பெரிய மாதிரிகளை இயக்கும் வழக்கமான மென்பொருள்களோ கிராபிக்ஸ் பகுதியையே நாடுகின்றன.

முடிவை மாற்றக்கூடிய இரண்டு விஷயங்கள் எந்தத் தாளிலும் இல்லை. முதலாவது மொழி. பெரும்பாலான மாதிரிகள் ஆங்கிலச் சொல் ஒன்றை ஓரிரு டோக்கன்களில் அடக்கிவிடும், அதே பொருளுள்ள தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளாக உடைக்கும். நொடிக்கு ஏழு டோக்கன் என்பது ஆங்கிலத்தில் ஏறக்குறைய நாம் படிக்கும் வேகம். தமிழில் ஒரு பத்திக்குக் காப்பி ஆறிவிடும். ஆகவே தமிழுக்கு மொழிபெயர்ப்பவர், விளம்பரத்தில் ஆங்கிலத்தை வைத்து அளந்த டோக்கன் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, மாதிரிகளின் கட்டமைப்பு. 2025 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஜிபிடி-ஓஎஸ்எஸ்-120பி மாதிரியில் மொத்தம் 11,700 கோடி பாராமீட்டர்கள், ஆனால் ஒரு டோக்கனுக்கு இயங்குபவை 510 கோடி மட்டுமே. முழு மாதிரியையும் வைக்க 60 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும், ஒரு டோக்கனுக்கு வாசிக்க வேண்டியதோ இரண்டு, மூன்று ஜிபிதான். இத்தகைய மாதிரிகள் பெருகினால், அதிக நினைவகமும் மிதமான பேண்ட்வித்தும் கொண்ட இயந்திரங்கள் தம் விலைக்கு மேல் வேலை செய்யும். ஸ்பார்க்குக்கும் ஏஎம்டி கணினிக்கும் மேலே நான் போட்ட கஞ்சத்தனமான கணக்கு இங்கே தளர்கிறது.

நண்பருக்கு நான் சொன்னது இது. 5090 அவருக்கு உரியதல்ல. நிரலாளர் ஒருவரை வைத்து, என்விடியாவின் ‘கூடா’ (CUDA) என்னும் மென்பொருள் அடுக்கில் மாதிரிகளைத் தம் சொற்களஞ்சியத்துக்கு ஏற்பப் பயிற்றுவிக்கும் எண்ணம் இருந்தால் ஸ்பார்க். அதற்கு அவரிடம் ஆளும் இல்லை, எண்ணமும் இல்லை. மீதி இரண்டில், ஏற்கெனவே மேக் பழகிய அலுவலகம் என்றால் 128 ஜிபி எம்4 மேக்ஸ். அவருடைய அலுவலகம் முழுவதும் விண்டோஸ், ஆகவே ஏஎம்டி கணினியை முதலில் வைத்தேன். இங்கே சொன்னவை எல்லாம் அறிமுக விலைகள். 2025இன் இறுதியிலிருந்து நினைவகத்தின் விலை ஏறியிருப்பதால், 128 ஜிபிக்கு இன்று கேட்கும் தொகையையும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் எழுதி வாங்கிய பிறகே ஒப்பிடச் சொன்னேன். பணம் கட்டும் முன், வாடிக்கையாளர் பெயர் எதுவும் இல்லாத பழைய ஒப்பந்தம் ஒன்றின் பத்துப் பக்கங்களை எடுத்துக்கொண்டு போய், கடையிலோ இதே இயந்திரம் வைத்திருக்கும் தெரிந்தவரிடமோ தமிழாக்கத்தை ஓட்டிப் பார்த்து, முதல் சொல் திரையில் தோன்ற எவ்வளவு நேரம், கடைசிச் சொல்லுக்கு எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தில் குறித்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.